கை நனைத்த வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் விருந்து தயாராகிக்கொண்டிருந்தது. சாப்பிடப்போகிறவர் ஒருவர்தான்.

அவரை ஊரில் எல்லோரும் ‘மாவட்டம்’ என்பார்கள். கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊராட்சிக்குத் தலைவர் தேர்தல் வந்திருந்தது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே கட்சி யாரைக் கைகாட்டுகிறதோ அவர் பாதி ஜெயித்த மாதிரி. கட்சியின் ஆதரவைக் கேட்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் அப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். இன்னொருவர் எதிர்வரிசையில் குடியிருந்த மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

நைனா பன்னிரண்டு வருடமாகக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர். அதற்கான பசையை எங்கள் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சியவர். மாமா கட்சிக்கு வந்து இரண்டு வருடம்தான். ஆனால் அவரிடம் அரிசி ஆலையும் லாரியும் இருந்தன. தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ஆட்கள் சங்கிலி பிடித்து நிலம் அளக்கத் தொடங்கியிருந்த நேரம். தலைவர் நாற்காலிக்குத் திடீரென்று மதிப்பு ஏறியிருந்தது. ஒரு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

“மாவட்டம் எந்த ஊட்ல கை நனைக்கிறாரோ அவனுக்குத்தான் சீட்டு” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. சந்தேகமும் இல்லை.

நைனா முதல் பஸ்ஸில் பழவேற்காடு போய் இறால் வாங்கிவந்தார். மாமா வீட்டில் ஆடு. எங்கள் வீட்டில் எரிந்த இரண்டு அடுப்பையும் ஒருத்தியாகப் பார்க்க முடியாத அம்மா, “ஏய், தொக்குக்கு ஒரு கை உப்பு போடுடி” என்றாள். என் கையா, அவள் கையா என்று நான் கேட்கவில்லை. அவள் கைதான் பெரியது என்று யோசித்து இரண்டு முறை போட்டேன். எனக்கு வயது ஒன்பது.

ரயிலடியில் மாமாவின் மேளம் ஒரு பக்கம், நைனாவின் தாரை தப்பட்டை ஒரு பக்கம். ரயில் வந்த சத்தமே கேட்கவில்லை. இறங்கியவர் ஒல்லியான மனிதர். முகத்தில் தூக்கக் கலக்கம். இரண்டு மாலையையும் வாங்கிக்கொண்டார். இரண்டையும் ஒன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் இரண்டு தரப்புக்கும் பொதுவாகி, மாலைகளை அணைத்துக்கொண்டு கட்சி அலுவலகம் வரை ஓடினேன்.

முதலில் மாமாவை உள்ளே கூப்பிட்டார். கால் மணி நேரம் கழித்து மாமா வெளியே வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார். பிறகு மாவட்டம் வாசலுக்கு வந்து நைனாவின் தோளில் கை போட்டார்.

“தம்பி, சாப்பாடு உன் ஊட்லதான்.”

விசில் பறந்தது. தப்பட்டைக்காரர் குதித்துக் குதித்து அடித்தார். நைனாவை யாரோ தூக்கினார்கள். அவருடைய ஒரு செருப்பு கீழே விழுந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு தெரு முழுவதும் கத்திக்கொண்டு ஓடினேன்.

“எங்க ஊட்லதான் சாப்பாடு! எங்க நைனாதான் தலைவரு!”

மாமா வீட்டு வாசலிலும் நின்று வேண்டுமென்றே இரண்டு முறை கத்தினேன். மாமா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. சிரித்தார்.

“இன்னா கண்ணு, ஒத்தச் செருப்போட ஓடிக்கினு கீற? போ, உங்கம்மாவ நல்லா கவனிக்கச் சொல்லு.”

தோற்றாலும் மாமா நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாவட்டம் திருப்தியாகச் சாப்பிட்டார். இறால் தொக்கைத் தொட்டதும் தண்ணீர் கேட்டார். நான் கதவோரம் ஒதுங்கினேன். இரண்டாவது முறையும் தண்ணீர் கேட்டார். மோர் ஊற்ற அம்மா குனிந்தபோது இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தம்பி, நம்ம ஆதரவு உன் மச்சானுக்கு. தலைமை முடிவு பண்ணிட்டாங்க. வேட்புமனுல முன்மொழியற கையெழுத்து நீ போடு. உன் ஊட்டுச் சோத்தத் தின்னுக்கினு கேக்கறேன். தனியா நிக்கறேன்னு மட்டும் சொல்லிடாத.”

அம்மாவின் கையில் செம்பு அப்படியே நின்றது. வாசலில் தப்பட்டை நிற்கவில்லை.

“மோர் ஊத்து” என்றார் நைனா அம்மாவிடம்.

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் கையைத் துண்டில் இரண்டு முறை துடைத்தார். நைனா இன்னும் சாப்பிட்டிருக்கவே இல்லை. கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

சாயங்காலம் மாமா லாரியில் நின்று கும்பிட்டுக்கொண்டே தெருவில் போனார். எங்கள் வாசலில் லாரி நின்றது. அண்ணனும் தங்கையும் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தார்கள். அம்மாதான் முதலில் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவள் புழக்கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒரு கை இல்லை, இரண்டு கை. என்னால்தான் நைனாவுக்குச் சீட்டுப் போயிற்று.

அம்மா தொக்குச் சட்டியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள்.

“உப்பு சரியாத்தாண்டி இருந்துச்சு.”

என் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அதன் பிறகு பல வருடம் எந்தக் குழம்பிலும் என் கையால் உப்புப் போட்டதில்லை. மாமா ஏன் சிரித்தார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.