ருசி பார்க்காமல் ஒரு டாக்கோ கடை

சாப்பாட்டுக் கடை நடத்தி அவதிப்படும் என் இனத்தவரே, வாயில் வைத்துப் பார்க்காத எதையும் தட்டில் வைக்கக் கூடாது என்பது நம் தொழிலில் முதல் பாடம். எங்கள் கடையில் அந்தப் பாடத்துக்கே வழியில்லை.

கச்சிபௌலியில் ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால், எட்டு ஸ்டூல் போட்ட மெக்சிகன் டாக்கோ கடை எங்களுடையது; சோள ரொட்டியில் கறியும் சட்னியும் வைத்து மடித்துத் தருவோம். என் கணவர் முரளி மெக்சிகோவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். விடுமுறை நாளெல்லாம் ஒரு தெருமுனைக் கடையில் நின்று இந்தச் சமையலைக் கற்றுக்கொண்டார். போன வருஷம் ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடி. எலும்பெல்லாம் கூடிவிட்டது, மோப்பம் மட்டும் திரும்பவில்லை. அதோடு ருசியும் போனது. உப்பு, புளிப்பு, காரம் தெரியும், அவ்வளவுதான். "ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார் டாக்டர். இவர் மல்காஜ்கிரி வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கடையை மூடினால் மனுஷர் எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்து நான் சாவியை எடுத்தேன். நானோ மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் முட்டைகூடத் தொடாமல் வளர்ந்தவள்.

அரிசி கழுவிய கை

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, கழுவி அரைத்தால்தான் ரொட்டிக்கு மாவு. முதல் நாள் நான் அரிசி களைவதுபோல் தண்ணீர் தெளியும்வரை ஏழெட்டு முறை தேய்த்துக் கழுவினேன். சுத்தமாக இருக்கிறதே என்று பெருமை வேறு. கல்லில் போட்ட ரொட்டியெல்லாம் மடித்ததும் விண்டுபோனது. போனில் இவரைக் கேட்டால், "தோல் கொஞ்சம் இருக்கணும் வசந்தா, அதுதான் பசை" என்றார். அதற்குள் ஒரு கோயம்புத்தூர்ப் பையனின் ஆபீஸ் சட்டையெல்லாம் சட்னி. துடைத்துக்கொண்டே கேட்டான்: "ஆன்ட்டி, அங்கிள் எப்ப வருவாரு?"

நேர்மையின் பலன்

பாதுகாப்புத் துறையில் பெரிய பதவியில் இருக்கும் தமிழர் ஒருவர் மனைவியோடு வந்தார். தெலுங்கு ஊரில் தமிழ்க் குரல் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம். ஆட்டுக்கறி டாக்கோ எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. "தெரியாதுங்க, நான் சைவம்" என்றேன். மனைவி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அந்த அதிகாரி கோபப்படாமல்தான் சொன்னார்: "நீங்களே வாயில வைக்காததை எங்களுக்குக் குடுக்கறீங்களேம்மா."

எலேனாவின் மிளகாய்

எலேனா மெக்சிகோக்காரர், பக்கத்து ஆபீஸில் இன்ஜினியர். ஞாயிறு தவறாமல் வருவார். ஒரு ஞாயிறு பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டை மெதுவாக நகர்த்தினார். சட்னிக்கான காய்ந்த மிளகாயை நான் சாம்பார் பொடிக்கு வறுப்பதுபோல் கமறக் கமற வறுத்திருந்தேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "மணம் மாறும் அந்த ஒரு நொடியில் எடுத்துவிட வேண்டும். உன் கணவருக்கு அந்த நொடி தெரியும்."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

அந்த நொடி

வருஷம் முடிந்தது. இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். ஆட்டோவில் அழுதது நான்தான். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். மறுநாள் காலை நான் கிளம்பும்போது சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "மிளகாய் வறுக்கணும்ல? உனக்கு மூக்கு இருக்கு. நீ சொல்லு, நான் நிக்கறேன்."

கடையில் கல்லில் மிளகாயைப் போட்டேன். பின்னால் நின்று, "என்ன வருது?" என்றார்.

"ஒண்ணும் வரலைங்க."

"இப்ப?"

"புளி மாதிரி... இல்ல, உலர்ந்த திராட்சை."

"இன்னும் கொஞ்சம்."

"கொஞ்சம் வெல்லம் காயற மாதிரி..."

"எடு, எடு, எடுத்துடு!"

எடுத்தேன். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் சொல்வதை அவர் இத்தனை கவனமாகக் கேட்டது அன்றுதான்.

மத்தியானம் வாடிக்கையாக வரும் கேப் டிரைவர் சலீம் பாய் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தார். "ஹவ்! ஆஜ் உஸ்தாத் பனாயே நா, பாபி?" இன்று வாத்தியார்தானே செய்தார், அண்ணி, என்று கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் இவர் ஒரு டாக்கோவை எடுத்துக் கடித்தார். விபத்துக்குப் பின் எங்கள் கடைச் சாப்பாட்டை அவர் தொட்டது அதுவே முதல் தடவை. மெதுவாக மென்றார். கடையே அவரைப் பார்த்தது. விழுங்கிவிட்டு, கண் கலங்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு உப்பும் காரமும்தான் தெரியுது பாய். நல்லா இருக்கா, நீங்க சொல்லுங்க."

எங்கள் கடையில் இப்போது இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு சமையல்காரர் என்பதால், எனக்கு ஜலதோஷம் பிடித்தால் கடைக்கு விடுமுறை.