தலைவரின் சாவுக்கு வள்ளங்கள் நிற்கவில்லை

பொதுநோக்கு மண்டபத்து வாசலிலிருந்து கோயிலடி வளைவு வரைக்கும் தெரு முழுக்க அறுந்த வலைகள் விரிந்து கிடந்த அந்தக் காலை இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. வெயில் ஏற ஏற உப்பும் பாசியும் செத்த நண்டும் கலந்த நாற்றம் எழும்பியது. அப்பாவின் வலை நடுவில் கிடந்தது. ஒரு பக்கத்தில் மிதப்புகள் வரிசையாக இருந்தன, மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் நார். அப்பா அதன் பக்கத்தில் தோய்த்துக் காய்ந்த சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். தேர்தலுக்கு முன்னம் அமைச்சர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்றவுடன் போட்ட திட்டம் அது. அவர் வாகனத்தை விட்டு இறங்கி, அந்த வலைகளுக்கு மேலே காலை வைத்துத்தான் மேடைக்குப் போகவேண்டும். வேறு வழி விடக்கூடாது என்று பொம்பிளைகள் நாங்களே வேலியோரம் வரைக்கும் இழுத்து விரித்திருந்தோம்.

வல்வெட்டித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில் கிடக்கிற சின்னக் கத்தோலிக்க ஊர் எங்களுடையது. இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, திரும்பி வந்தபோது ஊரில் பாதி ஆமிக்காரரின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தது. மிஞ்சியது கடல். அந்தக் கடலையும் இந்திய அக்கரையிலிருந்து வருகிற றோலர்கள், அந்தப் பெரிய இழுவைப்படகுகள், அடியோடு வழித்துக்கொண்டு போயின. போகிற போக்கில் நாங்கள் போட்டிருக்கிற வலைகளையும் சேர்த்து இழுத்துப் பிய்த்தன. அரசாங்க அதிபரின் கச்சேரியில் சொன்னால் கொழும்பைக் கேட்கச் சொன்னார்கள். கொழும்பில் சொன்னால் இரண்டு அரசாங்கமும் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் என்றார்கள். எங்கள் தமிழ்க் கட்சிக்காரரிடம் போனால், அக்கரையில் இருப்பது தொப்புள்கொடி உறவு, இந்த நேரத்தில் சத்தம் போட்டால் இனத்தின் பிரச்சினை கெட்டுப்போகும், கொஞ்சம் பொறுங்கோ என்றார்கள். வலையை அறுத்துக்கொண்டு போகிறவனும் தமிழில்தான் தூசணத்தால் ஏசிவிட்டுப் போவான். உறவென்று நாங்கள் கண்டது அவ்வளவுதான்.

தலைவரை அப்போது நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் எப்போதும் தலைவர், அதனால் அவருக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. நெடுத்த மனிசன், நல்ல குரல். முகாம் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி அதிகாரிமாரிடம் ஒன்றும் வாங்க முடியாமல் போனதால், பெரிய ஆட்களுக்கு முன்னால் ஒருவர்தான் வாய் திறப்பது என்று ஊர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. அந்த வாய் தலைவருடையது. "நான் கதைக்கிறன், நீங்கள் சும்மா நில்லுங்கோ" என்பார். நாங்களும் நின்றோம். கரைக்குப் போக ஒரு பாதை திறக்கும்படி ஆமி முகாம் பெரியவனோடு கதைத்து வாங்கித் தந்தவர் அவர்தான். பொய் சொல்லக்கூடாது, அதைச் செய்தார். என் கலியாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அமைச்சரின் வாகனங்கள் சந்தியில் திரும்புவதற்குச் சற்று முன்னம் தலைவர் தன் மருமகனோடும் நாலைந்து பெடியளோடும் வந்தார். "வாகனம் உள்ளுக்கு வரவேணும், வலை சில்லிலை சுத்திப்போடும். சுருட்டிக் கோயிலுக்குப் பின்னாலை வையுங்கோ, நான் கதைக்கேக்கை எடுத்துக் காட்டுவம்" என்றார். தலைவர் சொன்னால் சரியென்று நாங்களே குனிந்து சுருட்டிக் கொடுத்தோம். அப்பா தன் வலையை அவசரமில்லாமல் மடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. வாகனங்கள் சுத்தமான தெருவால் வந்து நின்றன. மாலை போட்டார்கள். பெண்பிள்ளைகள் ஆடினார்கள்.

பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். "எங்கடை சனத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. நிம்மதியாத் தொழில் செய்யுதுகள். பிடிக்கிற மீனை வைக்க ஒரு ஐஸ் பக்டரி மட்டும் தந்தியளெண்டால் காணும்" என்றார். அமைச்சர் சிரித்துத் தலையை ஆட்டினார். பிடிக்கிற மீனாம்! வலையே இல்லாத ஊருக்கு ஐஸ் எதற்கு என்று கேட்க எல்லோருக்கும் வாய் வந்திருக்கும், ஆனால் வழக்கம் அந்த வாயைக் கட்டிப்போட்டது. அப்பாதான் எழும்பினார். வாழ்க்கையில் கூட்டத்தில் எழும்பாத மனிசன். "ஐயா, என்ரை வலை..." என்று தொடங்கினார், அவ்வளவுதான். தலைவர் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "அவர் காலமையே கொஞ்சம் போட்டிட்டார், குறை நினையாதேங்கோ ஐயா" என்றார். அமைச்சரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்க எங்கள் ஆட்களிலும் சிலர் சிரித்தார்கள். அப்பா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

அப்பா ஒரு சொட்டும் குடிக்காதவர். கொண்டாட்டத்துக்குக் கள்ளு ஊற்றிக் கொடுத்தாலும் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தள்ளிவிடுவார். அது தலைவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு சொன்னதுதான் எனக்கு இன்று வரைக்கும் வயிறு எரியக் காரணம். பொய்யென்றாலும் மைக்கில் சொன்னால் அதற்கு ஒரு ஆயுள் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கூட அப்பாவைத் தண்ணியடிக்கிற தாத்தா என்றுதான் அறிந்தார்கள்.

தேர்தல் முடிய ஐஸ் பக்டரி வந்தது. தலைவரின் மருமகன் அதை நடத்தினார். தலைவர் பிரதேச சபைத் தவிசாளர் ஆனார், வெள்ளை வாகனம் வந்தது. றோலர்களும் வந்துகொண்டே இருந்தன. அப்பா கடன்பட்டு வாங்கிய மற்ற வலையும் ஒரு மாரிக்குள் போயிற்று. வலை இல்லாதவனுக்குக் கரையில் என்ன வேலை? கடைசியில் அந்த ஐஸ் பக்டரிக்கே காவலாளியாகப் போனார். போகவேண்டாம் என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "வீட்டிலை இருந்தால் விசர் பிடிச்சிடும், பிள்ளை" என்றார். தலைவரின் வாகனம் வரும்போது எழும்பி நின்று கேற்றைத் திறந்துவிடுவார். தலைவர் கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, சுகமே?" என்பார். "ஓம் தலைவர்" என்பார் அப்பா. மீன் வாங்கப் போகையில் இதைப் பார்க்கும் நாட்களில் அந்த வாகனத்துக்குக் கல்லால் எறிய என் கை உன்னும்.

என்னால் செய்ய முடிந்தது சின்னச் சின்னக் கறுவல்தான். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் தலைவர் முன் வாங்கிலிருந்து திரும்பி எல்லோருக்கும் கை கூப்புவார், நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். வருடக்கணக்காக என் செருப்பு வார் அதே நேரத்தில்தான் கழன்றது. பாதர் ஒருநாள் கூப்பிட்டு, மனதில் வைராக்கியம் வைத்துக்கொண்டு நற்கருணை நன்மை எடுக்கக்கூடாது என்றார். அப்படியென்றால் நான் எடுக்கவில்லை பாதர் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சக் காலம் எடுக்காமலும் விட்டேன். தலைவர் ஒழுங்காக எடுத்தார்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் இருந்தது. யார் செத்தாலும், ஏழையோ சம்மாட்டியோ, கோயிலில் துக்க மணி கேட்டால் அடக்கம் முடியும் வரைக்கும் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. "இண்டைக்குத் தொழில் இல்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இஞ்சினைத் தூக்கி வீட்டில் வைத்துவிட்டு, ஆம்பிளைகள் எல்லோரும் பெட்டி தூக்க வந்துவிடுவார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி ஊர்க் கல்லறையான சேமக்காலை வரைக்கும் பெட்டி நிலத்தில் படாமல் போகும். இடம்பெயர்ந்திருந்த ஊர்களிலும், கடலே இல்லாத இடத்திலும், கூலி வேலைக்குப் போகாமல் நின்று இதைச் செய்தார்கள். எங்களுக்கென்று யாரும் பறிக்காமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று அப்பா சொல்வார்.

தலைவர் நெஞ்சுவலியில் செத்துப்போனார். காலையில் மணி கேட்டபோது என்னைக் கட்டிய மனிசன் வள்ளத்தை இறக்க நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு, "தலைவராக்கும். இண்டைக்குத் தொழில் இல்லை" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியாது. "இறக்குங்கோ" என்றேன்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? சனம் காறித் துப்பும்."

"துப்பட்டும். எங்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே, நிம்மதியாத் தொழில் செய்யிற ஆக்கள். போய்த் தொழிலைச் செய்யுங்கோ."

பக்கத்து வள்ளக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா காவல் முடிந்து அந்த வழியால் வந்தவர், கேட்டுவிட்டுக் கிட்ட வந்தார். "பிள்ளை, அந்தாளுக்காக நிக்கிறேல்லை. எங்களுக்காக நிக்கிறது. இண்டைக்கு உடைச்சியெண்டால் பிறகு ஒட்டேலாது" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேற்றுத் திறந்து திறந்து குனிந்தே போன முகம். அதைப் பார்த்ததால்தான் எனக்கு இன்னும் வெறி ஏறியது. சேலையைச் செருகிக்கொண்டு வள்ளத்தின் பின்பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினேன். மனிசன் முன்னால் பிடித்தார். எங்கள் வள்ளம் தண்ணீரைத் தொட்டதும் சற்றுத் தள்ளி ஒரு இஞ்சின் இழுபட்டது. பிறகு இன்னொன்று. எல்லோரும் யாராவது ஒருவர் தொடங்கட்டும் என்றுதான் நின்றிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் திரும்பிப் போக, கரையில் நாய்களும் நானும்தான் மிச்சம்.

அடக்கத்துக்கு அமைச்சர் மலர்வளையத்தோடு வந்தார். பந்தல் நிறையக் கதிரைகள், கதிரைகளில் கட்சிக்காரரும் வெளியூர் ஆட்களும். எங்கள் ஆம்பிளைகள் என்று பார்த்தால் தடியூன்றுகிற கிழவர்கள். "ஊர்ச் சனம் எங்கே?" என்று அமைச்சர் கேட்டாராம். "தொழிலுக்குப் போயிட்டுதுகள், ஐயா" என்று அப்பா சொன்னாராம். பெட்டி தூக்க ஆள் காணாமல் பூக்கடைக்காரனின் கூலியாட்களைப் பிடித்தார்கள். அப்பாவும் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். தலைவரின் பெண்சாதி வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். நான் செருப்பு வாரைத் தேடவில்லை. கண்ணை எடுக்காமல் நேரே பார்த்தேன். அன்று இரவு வெறும் சொதியோடு தின்ற சோறு எனக்கு இனித்தது. இதை எழுதும்போதும் அந்த ருசி குறையவில்லை.

அப்பா அன்றும் காவலுக்குப் போக வெளிக்கிட்டார். தோளில் கன்றிப்போன இடத்துக்கு நல்லெண்ணெய் தடவிவிடக் கேட்டார், தடவிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் சாவுகள் நடந்தன. முதலில் ஒன்றிரண்டு வள்ளங்கள் இறங்கின, பிறகு பாதி. யாருக்கும் யாரோடும் கோபம் இல்லை. றோலர் வராத நாட்களில் மட்டும்தான் வலை போடலாம் என்றாகிவிட்ட கடலில், ஒரு நாளை விடச் சனத்துக்கு வசதியில்லை. முன்னரும் வசதி இருந்ததில்லைதான். ஆனால் முன்னர் அதை யாரும் யோசித்ததில்லை.

அப்பா போன மாரியில் செத்தார். மணி அடித்த காலையில் நெத்தலி மீன் கூட்டமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து வாசலில் நின்றான். நல்ல பெடியன், அப்பாவிடம் அறுந்த வலை பொத்தப் பழகியவன். "அக்கா, குறை நினையாதேங்கோ. இண்டைக்கு விட்டால் பிறகு றோலர் வந்திடும். அடக்கத்துக்கு முந்தி வந்திடுவன்" என்றான். "போயிட்டு வா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது? அவன் அடக்கத்துக்கு வரவில்லை, நெத்தலி அப்படி அகப்பட்டிருக்கிறது. வந்த ஆம்பிளைகளில் பெட்டி தூக்கக் கூடியவர்கள் என் மனிசனும் இன்னும் சிலரும். தோள் மாற்ற ஆளில்லை.

வீட்டுக்கும் சேமக்காலைக்கும் நடுவில் ஓரிடத்தில் ஒரு கிழவருக்குக் கால் இடறியது. பாதர் பெட்டியை நிலத்தில் வைக்கச் சொன்னார். எங்கள் ஊரில் பொம்பிளைகள் பெட்டி தூக்குவதில்லை. வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் போய் அந்த மூலைக்குத் தோள் கொடுத்தேன். அப்பா பாரமாக இருந்தார், நான் நினைத்ததை விட மிகவும் பாரமாக இருந்தார். பலகை கழுத்தெலும்பில் அறைய அறைய, மனதுக்குள் தலைவரை வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு நடந்தேன். செபமாலை சொல்லிக்கொண்டு வந்த சனத்துக்கு அது கேட்டிராது. கடல் பக்கம் இஞ்சின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.