ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு

ஷார்ஜாவில் பெட்ரோல் போடும்போது யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி "ஸ்பெஷல்" என்றோ, அதைவிட உயர்ந்த "சூப்பர்" என்றோ சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து போன் பேச்சைத் தொடர்கிறார்கள். மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. நான் மட்டும் இறங்குவேன். கராஜ் வேலையாக யாருடைய வண்டியை ஓட்டிப் போனாலும், குழாய் முனையில் தொங்கும் கடைசிச் சொட்டை விரலில் தொட்டு மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். ஒருமுறை வண்டிக்குச் சொந்தக்காரரான அரபி இளைஞர் பக்கத்து சீட்டில் இருந்தார். நான் விரலை முகர்வதைப் பார்த்துவிட்டு "யூ லைக்?" என்றார். அவருக்கு விளக்குகிற அளவு இங்கிலீஷ் எனக்குக் கிடையாது. தலையை ஆட்டிவைத்தேன். அடுத்த வாரம் கராஜுக்கு வந்தவர் ஒரு சின்ன அத்தர் பாட்டிலை என் சட்டைப் பையில் போட்டு, "பெட்ரோல் நோ குட். திஸ் குட்" என்று தோளைத் தட்டினார். பெட்ரோல் வாசனை எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார், பாவம். நான் முகர்ந்தது அதில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் அல்ல.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்பக்கம் இருசக்கர வண்டி மெக்கானிக் கடை வைத்திருந்தேன். ஆள் கூச்சம் அதிகம். வண்டியோடு பேசுவேன், வண்டிக்காரரோடு பேச வராது. நான் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டுக் கொடுத்த வண்டிகள் நாலைந்து மாதத்தில் புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் பிளக் கரியாக இருக்கும், பிஸ்டன் தலையில் கருப்புப் பொருக்கு ஏறியிருக்கும். டேங்க் மூடியைத் திறந்தாலே காரணம் தெரியும், அடுப்பங்கரை வாடை வரும். ஒரு வாத்தியார் நாலு பேர் முன்னால், "கை சுத்தம் இல்லாதவன்கிட்ட குடுத்தது என் தப்புய்யா" என்றார். உங்கள் டேங்கை முகர்ந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இப்படிப் பத்துப் பேர் சொன்னால் கடைப்பக்கம் யார் வருவார்கள்? 2004-ல் கடையை மூடிவிட்டு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினேன். படிப்பில்லாததால் வெளிநாடு போனான் என்று ஊரில் சொல்கிறார்கள். என்னை ஊரை விட்டு அனுப்பியது பெட்ரோலில் கலந்த மண்ணெண்ணெய்.

ஷார்ஜா கராஜில் முதல் இரண்டு வருடம் ஆயில் மாற்றினேன். பிறகு சூப்பர்சார்ஜர் வண்டிகள் பக்கம் விட்டார்கள். விஷயம் எளிது. சாதாரண இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும். சூப்பர்சார்ஜர், இன்ஜினின் பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டு, காற்றை அதன் வாயில் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், பவர் ஏறும். ஆனால் திணித்த காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் சுடுவது தெரிந்திருக்கும், அதே கதைதான். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் நல்ல பெட்ரோல் தாங்கி, பிளக் பொறி பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவும்வரை பொறுத்திருக்கும். மட்டமான பெட்ரோல் பொறுக்காது, அங்கங்கே தானாக வெடிக்கும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வரும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பயந்து, பொறி வரும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைத்துவிடும், பவர் போய்விடும்.

அத்தர் கொடுத்த அந்த இளைஞரின் வண்டியே ஒருநாள் இழுவை இல்லை என்று வந்தது. சூப்பருக்கென்று டியூன் செய்த வண்டி. நான்தான் பெல்ட் மாற்றியிருந்தேன், பழி என் மேல்தான் விழப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் லேப்டாப்பைச் சொருகினார். நாலு சிலிண்டரிலும் பொறி வரும் நேரம் தள்ளிப்போயிருந்தது திரையில் தெரிந்தது. வண்டிக்காரரின் தம்பி ஸ்பெஷலைப் போட்டு ஓட்டியிருக்கிறான். "மெக்கானிக் குட். ஃப்யூல் நோ குட்" என்றார் சூப்பர்வைசர். எனக்காக ஒரு மெஷின் சாட்சி சொன்னது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஐந்தாவது வருடம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான் ஏழுமலை வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். ஒரு பெட்ரோல் பங்க் முதலாளியிடம் பதினோரு வருடமாக டிரைவர். முதலாளி வைத்திருந்தது சூப்பர்சார்ஜர் வைத்த வெளிநாட்டுக் கார். அதன் பவர் போதவில்லை என்று சென்னையில் கொடுத்து, பெல்ட் சுற்றும் புல்லியைச் சின்னதாக மாற்றி, கம்ப்யூட்டரிலும் புது டியூனிங் ஏற்றி வாங்கி வந்திருக்கிறார். ஒரு மாதம் பறந்தது. அப்புறம் மேம்பாலம் ஏறவே முனகியது. சென்னைக்காரர்கள் பார்த்துவிட்டு, டேங்கில் மண்ணெண்ணெய் இருக்கிறது, டிரைவரை விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டான் என்று முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சிதம்பரத்தில் ஒரு டிரைவரைப் பெட்ரோல் திருடன் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

"பெத்த பொண்ணு மேல சத்தியம் மாப்ள, நான் எடுக்கல" என்றார் மச்சான்.

"எங்க போட்டீங்க?"

"நம்ம பங்க்லதான்."

"முதலாளி பாண்டிச்சேரி போறப்ப ரொப்பிக்கச் சொன்னார்னு உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களே?"

"சொன்னாருதான். அது எப்படி மாப்ள? முதலாளி வண்டி இன்னொருத்தன் பங்க்ல போய் நின்னா, பாக்கறவன் என்னா நெனப்பான்? அவருக்குக் கேவலம் இல்லியா?"

"அங்க கலக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா மச்சான்?"

"அது சாதாவுல. வெல கூடுன ஸ்பெஷல் பம்புல கை வெக்கமாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

"இத அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஒங்க பங்க்ல கிருஷ்ணாயில் கலக்கறீங்கன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா? அதுக்குத் திருடன்னே இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் காலை அவரை இழுக்காத குறையாக பங்குக்குக் கூட்டிப்போனேன். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "ஷார்ஜா மெக்கானிக்காமே, பாரு பாரு" என்றார். அங்கே நின்ற அவர் காரின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச தூரம் ஓட்டி, மூன்றாவது கியரில் அழுத்தினேன். புளியங்கொட்டை குலுங்கியது. திரும்பி வந்து இரண்டு நோய் என்றேன். சின்ன புல்லி சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்றி அதிகக் காற்றைத் திணிக்கிறது. சென்னையில் ஏற்றிக்கொடுத்த டியூனிங், வெளிநாட்டு உயர்ந்த பெட்ரோலுக்கு எழுதியது. நம் ஊரில் கிடைக்கிற சுத்தமான பெட்ரோலுக்கே அது ஜாஸ்தி. இதில் மண்ணெண்ணெயும் சேர்ந்தால் கம்ப்யூட்டர் எவ்வளவுதான் தள்ளிப்போடும்? இன்னும் கொஞ்ச நாளில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

"அத ஊத்துனது யாருன்னுதான்யா கேள்வி" என்று மச்சானைப் பார்த்தார் முதலாளி. மச்சான் தரையைப் பார்த்தார். மஞ்சக்குப்பத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னையே நான் பார்ப்பது போலிருந்தது.

பம்புக்குப் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு. எல்லா பங்குகளிலும் இருக்கிறது. பெட்ரோலைச் சோதிக்க ஃபில்டர் பேப்பர் கேட்டுப் பெறலாம் என்று எழுதியிருக்கும். கடை வைத்திருந்த காலமெல்லாம் அதைப் படித்திருக்கிறேன், கேட்டதில்லை. நேராக ஸ்பெஷல் பம்புக்கு நடந்தேன். "ஃபில்டர் பேப்பர் குடுங்க" என்றேன். பம்புக்காரர் முதலாளியைப் பார்த்தார்.

"இன்னா பேப்பருங்க அது?" என்றார் வரிசையில் மொபெட்டில் மீன்கூடை வைத்திருந்த அம்மா.

"பெட்ரோல் சுத்தமா இருக்கான்னு பாக்கறதும்மா."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க. மாசத்துல ரெண்டு வாட்டி மெக்கானிக்கு வூட்டுக்கே குடியேறிடறேன்."

பின்னால் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் பம்புக்காரர் மேஜைக்குள்ளிருந்து தூசி தட்டி இரண்டு தாள் கொண்டுவந்தார். குழாய் முனையைத் துடைத்துவிட்டு, ஒரு தாளில் ஒரு சொட்டு விட்டேன். சுத்தமான பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் பறந்துவிடும், பிசுக்கை விடாது. இரண்டு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. தாளின் நடுவில் எண்ணெய் வளையம் அப்படியே நின்றது. மீன்காரம்மா அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அடப்பாவிங்களா, வடை சுட்ட காயிதம் மாரி இருக்கு" என்றார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "உனக்கு என்னாப்பா வேணும்?"

"மச்சான் திருடலைன்னு நீங்க வெளிய வந்து சொல்லணும்."

"அவ்ளோதானா?" என்று சிரித்தார். வெளியே வந்து, "ஏழுமல, சாவிய வாங்கிக்க" என்றார். நான் அங்கேயே நின்றேன். "திருடலைன்னு சொல்லுங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். "சரிய்யா, அவன் எடுக்கல" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பினோம். புவனகிரி ரோடு திரும்பும்போது மச்சான் சொன்னார்: "நாலு பேரு முன்னாடி அவரத் தலகுனிய வெச்சிருக்க வேணாம் மாப்ள. உப்பு போட்ட மனுசன்."

அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. யார் தலை குனிந்தது? டிக்கியில் கிடந்த பழைய பெரிய புல்லியை மறுநாள் நானே மாட்டினேன். டேங்கை வடித்துக் கழுவினேன். சென்னைக்குப் போய்ப் பழைய டியூனிங்கையே ஏற்றச் சொன்னேன். இப்போது அந்தக் கார் நன்றாக இழுக்கிறது. மச்சான் பாண்டிச்சேரிக்குப் போய்த்தான் ரொப்புகிறார். அந்தப் பங்க் மூன்று நாள் "ஸ்டாக் இல்லை" என்று போர்டு மாட்டிவிட்டு, பழையபடி திறந்துகொண்டது. நான் கிளம்பும் நாளிலும் மொபெட்டுகள் வரிசையில் நின்றன. மீன்காரம்மா இருந்தாரா என்று பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. பல ஊர்களில் எத்தனையோ வண்டிகளைப் பொசுக்கிய சரக்கு, ஒரு பணக்காரக் காரின் பவரைத் தொட்டபோதுதான் விசாரணைக்கு வந்தது. அந்த ஒரு காரைச் சரிசெய்து கொடுத்தவனும் நான்தான்.

மீன்காரம்மா வாங்காமல் விட்ட மிச்ச ஃபில்டர் பேப்பரை, கறை படிந்ததோடு சேர்த்து பாஸ்போர்ட்டில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். போன வாரம் இங்கே ஷார்ஜாவில் ஒரு வண்டிக்குச் சூப்பர் போட்டபோது, அந்த வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். பம்பில் இருந்த வங்காளி "கியா பாய்?" என்றான். சும்மா என்றேன். இந்த வெயிலில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொட்டு விழுந்த இடம் எது என்று தேடினேன், அடையாளமே இல்லை. விசா முடிந்து நான் கிளம்பினால் இந்த ஊரில் நானும் அப்படித்தான். சிதம்பரத்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாளாகியும் அந்த வளையம் போகவில்லை. பாஸ்போர்ட்டின் பக்கத்தில் ஊறி, என் போட்டோவின் தோளுக்குப் பக்கம்வரை வந்திருக்கிறது.