தேன் நிறத்தில் வந்த ஆயில்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது, ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அண்ணன் முட்டுக் கொடுத்திருந்த கல். அதைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. சக்கரம் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஐப்பசியில் அவர் நிறுத்திய இடத்திலேயே வண்டி தை மாதம் வரை நின்றிருக்கிறது. இடையில் யாரும் அதைத் தொடவில்லை. காப்பி காயப்போடும் களத்தில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று கூலிக்கு வந்தவர்கள் சொன்னபோதும், அண்ணி அதைச் சுற்றித்தான் காப்பியைப் பரப்பச் சொன்னார்.

தலைச்சோலை வீட்டில் இப்போது அண்ணி தனியாக இருக்கிறார். ஜீப்பை ஏற்காடு பாயிடம் கொடுத்துவிடுவது என்று பொங்கலுக்குப் பிறகு முடிவு செய்தார். பாய் ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர், எங்கள் மிளகை வருடா வருடம் வாங்குபவர், அண்ணனுக்கு இருபது வருட நண்பர். வண்டியை எடுத்துப் போக முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். பேட்டரி இறங்கிப்போயிருந்தது. இறக்கம்தானே, தள்ளிவிட்டால் கிளம்பிவிடும் என்றார். முன்கூட்டியே அவர் கேட்டது ஒன்றுதான். கிரவுனில் ஆயில் மாற்ற வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரித் தொங்கும் இரும்புக் கூட்டை எங்கள் பக்கம் கிரவுன் என்பார்கள். மழைக்காலம் முழுக்க ஓடையில் இறங்கி ஏறிய வண்டி. உள்ளே தண்ணீர் போயிருந்தால் பற்சக்கரம் துருப்பிடித்திருக்கும். அந்த வேலைக்காகத்தான் நான் சேலத்திலிருந்து முந்தின நாள் மாலை மேலே வந்தேன்.

அண்ணன் இறந்தது கரடியூர்ப் பாறையிலிருந்து விழுந்து. மழை பெய்துகொண்டிருந்தது. பாறையில் பாசி இருந்தது. ஒரு வருடமாக மனச்சோர்வுக்குச் சேலத்தில் மருத்துவரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டு வந்தார், கடைசி மாதத்தில் அதை நிறுத்தியிருந்தார். காப்பி பறிக்க ஆள் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜீப்பை எடுக்கவில்லை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். காவல் நிலையத்தில் 'தவறி விழுந்து' என்று எழுதினார்கள். நாளிதழில் நிருபராக இருந்த காலத்தில் அந்த இரண்டு சொற்களை நான் நிறையச் செய்திகளில் எழுதியிருக்கிறேன். நிலையத்தில் சொல்வதை எழுதுவோம். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

அண்ணிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். வழுக்கியதா, அவராகவே போனாரா. மருத்துவரைக் கேட்டார். போலீஸ்காரரைக் கேட்டார். பாறைக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆளைத் தேடிப் போய்க் கேட்டார். அந்த ஆள் சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். அண்ணி டார்ச்சுடன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாய் கையில் டீ டம்ளரோடு களத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். ஸ்பேனரைக் கீழே இருந்த நட்டில் மாட்டினேன்.

"ஏனுங்க தம்பி, மொதல்ல மேல் நட்டுங்க" என்றார் அண்ணி. "கீழ தொறந்து எல்லாத்தையும் வடிச்சிட்டு, மேல கழட்ட வரலீன்னா எதுல ஊத்துவீங்க?"

"நிருபரு தலைப்புச் செய்திய மொதல்ல எழுதிப் பழகிட்டாருங்க தங்கச்சி" என்றார் பாய்.

"நீங்க பேசாதீங்க பாய். நீங்களும் உங்க சினேகிதரும் இந்தக் கூத்த ஒருக்கா பண்ணுனவங்கதான?"

"அது அவரு பண்ணுனது. நான் டீ குடிச்சிட்டு இருந்தேன்."

"இப்பயும் குடிச்சிட்டுத்தான் இருக்கறீங்க."

அந்தக் கதை எனக்கும் தெரியும். அண்ணன் வண்டி வாங்கிய புதிதில் கீழ் நட்டைக் கழற்றி எண்ணெயை முழுக்க வடித்துவிட்டார். மேல் நட்டு துருவேறிப் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. எலுமிச்சைச் சாறு, மண்ணெண்ணெய், சுத்தியல் எதற்கும் வரவில்லை. கடைசியில் சேலத்திலிருந்து மெக்கானிக் பஸ் ஏறி வர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு முறையும் அண்ணியைக் கூப்பிடுவார். டார்ச் பிடிக்க மட்டுமல்ல, "மேல் நட்டு" என்று நினைவுபடுத்தவும்.

நான் மேல் நட்டில் ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இழுத்தேன். தேவையே இருக்கவில்லை. அரைச் சுற்றில் இளகிவிட்டது, மீதியை விரலாலேயே கழற்றினேன். புரியில் துரு இல்லை. நட்டின் தலையைச் சுற்றிச் சேறும் இல்லை. யாரோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இத்தன லேசா வராதே" என்றார் அண்ணி. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

அலுமினியச் சட்டியை அடியில் தள்ளிக் கீழ் நட்டைத் திறந்தேன். பனிக்குளிரில் எண்ணெய் கெட்டியாகி மெதுவாக, ஒரே கயிறாக இறங்கியது. தார் மாதிரி வரும் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் மோர் நிறத்தில் வரும். இது தேன் நிறத்தில் வந்தது. சட்டியின் அடியில் இருந்த கீறல் அதன் வழியே தெரிந்தது. கடையில் டப்பாவைத் திறந்ததும் வரும் அந்தக் கந்தக நெடி வந்தது.

பாய் சுவரிலிருந்து இறங்கி வந்தார். ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார்.

"புது ஆயிலுங்க. பத்து நடைகூட ஓடியிருக்காது."

"சித்திரையில மாத்துனோம்" என்றார் அண்ணி. "நான்தான் டார்ச் புடிச்சேன். அதுக்கப்புறம் பலா ஏத்துனாரு, எருவு ஏத்துனாரு, மழையில வேற ஓட்டுனாரு. அது எப்படிங்க இப்படி இருக்கும்?"

சட்டென்று எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனார். நானும் போனேன். குளிக்கும் அறையின் கூரையைத் தாங்கும் மரக்கால்கள் நான்கும் அடியிலிருந்து இடுப்பளவுக்குக் கறுப்பாக இருந்தன. எங்கள் மலையில் வடித்த ஆயிலை யாரும் கொட்டுவதில்லை. கரையான் ஏறாமலிருக்க மரத்துக்கு அடிப்போம். அண்ணி ஒரு காலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை, ஆனால் நெடி இருந்தது.

"கரையான் அரிக்குதுன்னு ஆவணியிலிருந்து சொல்லிட்டு இருந்தேன். நான் மாரமங்கலத்துல அக்கா ஊட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வந்தப்ப இது கறுப்பா இருந்துச்சு. ஆள் விட்டு அடிச்சிருப்பாருன்னு நெனச்சேன். கேக்கல."

மாரமங்கலத்திலிருந்து அவர் திரும்பிய மறுநாள்தான் அண்ணன் கரடியூர் போனார்.

களத்துக்குத் திரும்பி வந்தபோது அண்ணியின் முகம் மாறியிருந்தது. மூன்று மாதங்களில் நான் பார்க்காத முகம். பாயிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "ஏனுங்க பாய், சாவப்போறவன் வண்டிக்கு ஆயில் மாத்துவானா? காப்பி ஏத்தோணும்னுதான மாத்தியிருக்காரு? மரத்துக்கு ஆயில் அடிக்கறவன் அந்த ஊட்டுல இருக்கோணும்னுதான அடிப்பான்?"

"அதான் தங்கச்சி. நான் அப்பயே சொன்னேன். பாசியில வழுக்கியிருக்குது, அவ்வளவுதான்" என்றார் பாய். தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வடிவது நின்று, சொட்ட ஆரம்பித்திருந்தது. வெயில் களத்தின் பாதி வரை வந்துவிட்டது.

"என்னைய ஏன் கூப்புடல?" என்றார்.

"நீங்கதான் ஊட்டுல இல்லீங்களே" என்றார் பாய்.

"ரெண்டு நாள் பொறுத்திருந்தா வந்திருப்பேன்ல. காப்பி பழுக்கவே கார்த்திகை ஆவும். என்ன அவசரம் வந்துச்சு?" அப்புறம் பாயைப் பார்க்காமல் சொன்னார்: "வண்டியும் சரியா இருக்கோணும், ஊட்டுக் காலும் சரியா இருக்கோணும். இவ தனியா இருந்தா இதுக்கெல்லாம் யாரைப் போய்க் கேப்பான்னு..."

பாய் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்க பேப்பர்ல இருந்தவரு. எத்தன சாவு பாத்திருப்பீங்க. சொல்லுங்க தம்பி, எது?"

முன்பெல்லாம் ஆசிரியர் மேசையில் இதே கேள்வி வரும். அப்போது போலீஸ் தரப்பைச் சொல்லித் தப்பித்துவிடலாம். இங்கே என் முன்னால் இருந்தது ஒரு சட்டி எண்ணெய். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போட்டவர் அதற்கு அந்தப் பக்கம் நின்றார்.

"தெரியலைங்க அண்ணி."

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. அழவும் இல்லை. பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பியை எட்டிக் காலால் கிளறிவிட்டார். பறித்து நான்கு நாளான பழம், மேல் தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. நான் சேலத்தில் வாங்கி வந்த புது ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினேன்.

"அத மூடுங்க" என்றார் அண்ணி. "சட்டியில இருக்கறதையே ஊத்துங்க."

"மண்ணு விழுந்திருக்குங்க அண்ணி."

"வடிகட்டுங்க. நல்ல ஆயிலுதான? பாயே சொன்னாரு."

உள்ளே போய் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். மடித்துப் புனலில் வைத்து ஒரு காலி டப்பாவில் வடிகட்டினேன். எண்ணெய் துணியில் ஊறி இறங்க நெடுநேரம் எடுத்தது. கீழ் நட்டை அண்ணியே படுத்து முடுக்கினார், ஸ்பேனரை என்னிடம் தரவில்லை. மேல் துளை வழியாக நான் குழாய் விட்டு ஊற்றினேன். வடிந்ததில் கொஞ்சம் துணியோடு போய்விட்டதால், துளை வரைக்கும் நிரம்பவில்லை. சுண்டு விரலை வளைத்து உள்ளே விட்டால் எண்ணெய் தொட்டது. போதும் என்றார் அண்ணி.

பாய் கையைக் கழுவிக்கொண்டார். வண்டியை எடுத்துப் போவது பற்றி அவரும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை.

"சாப்புட்டுட்டுப் போங்க பாய்."

"இருக்கட்டும் தங்கச்சி. கடையில ஆள் இல்ல."

பன்னிரண்டரை மணி பஸ்ஸில் அவர் ஏற்காட்டுக்குத் திரும்பினார்.