பெக்கோக் செம்பனைக் காட்டில் டோரீன் அக்காவின் பாதை

முதலில் ஒரு திருத்தம். சென்ற மாதம் பெக்கோக்கில் நான் வேலி ஏறிக் குதித்தேன் என்றும், போலீஸ் பிடித்து உட்கார வைத்தது என்றும் மூவாரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு எழுபத்தேழு வயது. நான் எதையும் ஏறிக் குதிக்கவில்லை. கம்பிவேலிக்கும் கேட் தூணுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பக்கவாட்டில் நுழைந்தேன். போலீஸ் யாரும் வரவில்லை. என்னுடன் இருந்தவர் வழி தவறிய வெள்ளைக்கார டூரிஸ்ட்டும் இல்லை. அவர் டோரீன் அக்கா, அறுபது ஆண்டுகளாக ஜொகூரில் வாழ்பவர்.

இங்கிலாந்தில் சோமர்செட் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தாதிப் பயிற்சியின்போது, அதே மருத்துவமனையில் படிக்க வந்த அருள்தாஸ் அண்ணனை மணந்துகொண்டு இங்கே வந்தார். அண்ணன் பெக்கோக் அருகே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர், அதாவது மருத்துவ உதவியாளர். அக்கா தோட்டத்துப் பிள்ளைகளிடமே தமிழ் கற்றார். என் கணவர் சிகாமட்டில் நில அலுவலகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது எங்களுக்குள் பழக்கம். அக்கா என்னிடம் தமிழில் பேசுவார், கான்வென்ட்டில் படித்த நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். கடைசியில் விட்டுக்கொடுத்தது நான்தான்.

அண்ணன் இறந்ததும் தோட்டத்தின் பழைய கல்லறைத் திடலில் அடக்கம் செய்தார்கள். பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அக்கா வீட்டுக்கும் திடலுக்கும் நடுவே உள்ள, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிலம் தனியார் கைக்குப் போனது. அக்கா கவலைப்படாமல் ஒவ்வொரு நினைவு நாளிலும் அதன் ஊடே நடந்து போய் வந்தார். இந்த ஆண்டு நிலம் மறுபடி கைமாறி, கேட் வந்துவிட்டது. எனக்கு போன் செய்தார்.

"சரோ, முட்டி வலி உயிரை எடுக்குது. ஆனா இந்த வருஷம் நடக்காம விட்டா வழி போயிரும். நீ வர்றியா, இல்லையா?"

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை 6.40க்கு மூவாரிலிருந்து கிளம்பினேன். வாடகைக் கார், போக வர 280 ரிங்கிட், காத்திருக்கும் நேரமும் சேர்த்து. ஓட்டுநர் ஹமீது நம்பகமானவர், ஆனால் கேள்வி கேட்பவர்.

"பெக்கோக்குல என்னா ஆண்டி இருக்கு? நீர்வீழ்ச்சியில குளிக்கவா?"

"குளிக்கிற வயசா எனக்கு?"

"அலமாக், கேட்டது தப்பா லா?"

தங்காக்கில் 7.15க்குத் தோசையும் தேநீரும், இருவருக்கும் 11 ரிங்கிட். சட்னி புளித்திருந்தது, சொல்லிவிட்டு வந்தேன். பிறகு குனோங் லேடாங் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு சிகாமட், அங்கிருந்து லாபிஸ் வழியாக பெக்கோக். கார் மீட்டரில் மொத்தம் 131 கி.மீ. சேர்ந்தபோது மணி 9.50.

அக்கா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் வெட்டுக்கத்தியுடன் வாசலில் நின்றார்.

"கத்தி எதுக்கு அக்கா?"

"எங்கப்பா கையில இருந்துச்சு, என் கையிலயும் இருக்கு. எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே கூடி எல்லையச் சுத்தி நடக்கும். பாதிரியார் முன்னால, எங்கப்பா அவருக்குப் பின்னால முள்ளு வெட்டிக்கிட்டே. ஒவ்வொரு எல்லைக் கல்லுகிட்டயும் சின்னப் புள்ளைங்களத் தலகீழாத் தூக்கி, மண்டைய மெல்ல முட்டுவாங்க."

"அட பாவமே, எதுக்கு?"

"மறக்காம இருக்கத்தான். எனக்கு எம்பத்திமூணு. அத்தனை கல்லும் ஞாபகம் இருக்கே!"

தேநீர் ஆறும்வரை அந்த ஊரைப் பற்றியே பேசினார். கோதுமை வயலின் நடுவே ஓர் ஆள் அகலத்துக்குப் பாதை போகுமாம். நிலக்காரரே அதில் விதைக்காமல் விட்டுவைப்பார். வேலி குறுக்கிட்டால் ஏறி இறங்க இரண்டு மரப்படிகள். முட்செடிகளில் சிக்கிய ஆட்டு ரோமத்தைப் பொறுக்கி வந்து பொம்மைக்குத் தலையணை தைத்திருக்கிறார். நடை முடிந்ததும் பிள்ளைகளுக்கு இஞ்சிப் பானமும் பன்னும். மழை கொட்டினாலும் நடை நிற்காது. செடிகளின் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அவற்றுக்கு என்னிடமும் தமிழ் இல்லை.

அந்த ஊரில் அவர் கற்ற விதி இது. இருபது ஆண்டு யாரும் தடுக்காமல் நடந்தால் அது பொதுவழி ஆகிவிடும். ஆனால் அனுமதி கேட்டு நடந்தால் அது கணக்கில் சேராது. பழைய நிலக்காரரான சீனத் தவுக்கே, "லெட்டர் தரட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டும் அக்கா வேண்டாம் என்றிருக்கிறார்.

"வாங்கியிருந்தா அது அவர் கொடுத்த வழி ஆயிருக்கும். இன்னிக்கு இருபதாவது நடை, சரோ. இன்னிக்கோட நம்ம வழி."

 இங்கே அந்த விதி செல்லாது என்று நினைத்தபடியே அவர் பின்னால் கிளம்பினேன்.

கேட்டில் புது முதலாளியின் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், சிவா நின்றார், நாற்பது வயதிருக்கும். "பாட்டி, உள்ள விட்டா என் வேலை போயிடும் லா. முதலாளி ஜேபி டவுன்ல இருக்காரு, போன் போட்டாலும் எடுக்க மாட்டாரு."

அக்கா அதற்குள் பாதி நுழைந்துவிட்டார். நானும் நுழைந்தேன். சிவா பெருமூச்சு விட்டு, "பாம்பு கெடக்கும், நானும் வர்றேன்" என்றார்.

"நீ விட்டதால வரல. ஞாபகம் வச்சுக்க."

"சரி பாட்டி. நா விடல, நீங்களா வந்தீங்க."

எழுநூறு மீட்டர், நாற்பது நிமிடம். வழியில் விழுந்த மட்டைகளைச் சிவாதான் இழுத்துப் போட்டார். கல்லறையில் பெரணியைப் பிடுங்கிச் சுத்தம் செய்ததும் அவரே. அக்கா அரளிப் பூவை வைத்துவிட்டு, "இருபது ஆயிருச்சு" என்று அண்ணனிடம் சொன்னார்.

சிவாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "பாட்டி, அடுத்த மாசக் கடைசியில மரத்தையெல்லாம் சாய்ச்சு மறுநடவு பண்றாங்க. மண்வாரி வருது. இந்தப் பாதையிலதான் பெரிய கால்வாய் வெட்டப் போறாங்க."

"வெட்ட முடியாது. இது வழி."

நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அக்கா, இந்த நாட்டுல நடந்தா வழி ஆகாது. கிராண்ட்டுல, நிலப் பத்திரத்துல, எழுதியிருக்கணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

என் கணவர் முப்பத்தொரு ஆண்டு பார்த்த வேலை அது. அக்கா நடப்பது எனக்குத் தெரியும். வெறும் நினைவுக்காக நடக்கிறார் என்று நினைத்து, ஒரு கேள்வி கேட்காமல் இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் தவுக்கேயின் கடிதத்தை வாங்க வைத்திருப்பேன். தவறு என்னுடையது. அதை அங்கேயே சொன்னேன்.

திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். கேட் அருகே வந்ததும் நின்று, "அனுமதி கேட்டுத்தான் ஆகணும்னா நீ கேளு. என் வாயில வராது" என்றார்.

பழைய தோட்டத்துக் கல்லறைகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறும் முன் போங்கள். கணுக்கால் மூடிய காலணி அவசியம். திரும்ப வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, நடுவில் உள்ள நிலம் யாருடையது என்று விசாரித்து, அனுமதியைத் தாளில் வாங்குங்கள். தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போதே வாங்கிவிடுங்கள்.

இனி, அந்த நிலத்தை வாங்கியிருக்கும் ஐயாவுக்கு. நீங்கள் தமிழ் படிப்பவர் என்று சிவா சொன்னார். சென்ற திங்களன்று உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியதையே இங்கும் எழுதுகிறேன். கால்வாயின் மேல் இரண்டு பலகை, ஓர் ஆள் அகலத்துக்குப் பாதை, ஆண்டில் ஒரு நாள் கேட் திறந்திருக்க வேண்டும். எண்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் தன் கணவரிடம் போய் வர இவ்வளவு போதும். கேட்பது நான், அவர் அல்ல. சிவா மீது கோபம் வேண்டாம், அவர் எங்களை விடவில்லை. தொலைபேசியில் சொல்ல வேண்டாம். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும், மண்வாரி வருவதற்குள், உங்கள் கையெழுத்துடன் எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.