ஓய்வுநாளில் வற்றிய கடல்

என் தம்பி தோர்மோத் வாரநாட்களில் தபால் வண்டி ஓட்டுவான். சனிக்கிழமை கடலுக்குள் இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சங்கீதத்தின் ஒவ்வொரு வரியையும் முதலில் பாடுவான். அவன் பாடிய பிறகுதான் மற்றவர்கள் அந்த வரியை எடுப்பார்கள். எங்கள் லூயிஸ் தீவுச் சபைகளில் வாத்தியம் கிடையாது. தொடங்கி வைக்கிறவனின் தொண்டைதான் எல்லாம். கர்த்தர் அவனுக்கு அந்தத் தொண்டையைக் கொடுத்திருந்தார்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் தவறிப்போன பிறகு நானும் அவனோடு வந்துவிட்டேன். சனிக்கிழமை அவன் கடலில் இருக்கும்போது கரையில் உட்கார்ந்து காத்திருப்பது என் வேலை. படகெல்லாம் இல்லை. கரையிலிருந்தே நடந்து இறங்குவான். ரப்பர் உடை, முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, மீன்களைப் படம் எடுக்கத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமரா. இத்தனையும் சுமந்து அவன் வழுக்குப் பாறையில் கால் வைக்கும்போது நான் ஜெபிக்கத் தொடங்குவேன், ஏறி வந்த பிறகுதான் நிறுத்துவேன். ஏப்ரல் மாதத்திலும் எங்கள் தண்ணீர் எலும்பு வரை போகும். உதடு நீலமாக, விரல் மடக்க முடியாமல் வருவான். கழுத்து ரப்பரை நான்தான் பிரித்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு யூவன் வேலி மேல் சாய்ந்துகொண்டு கேட்பான்: "என்னப்பா, இன்னைக்கு மீனுங்களுக்குத் தபால் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சு, யூவன். உனக்குத்தான் ஒருத்தரும் எழுதல."

அந்த வருஷம் தோர்மோத் ஒரே ஒரு மீனிடம்தான் போய்க்கொண்டிருந்தான். நாங்கள் அதைக் கடல் சேவல் என்போம். உருண்டையான உடம்பு, தோல் முழுக்கப் புடைப்பு, வயிற்றில் ஒரு உறிஞ்சி. பெட்டை முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். ஆண்தான் செங்கல் நிறமாகச் சிவந்து, பாறையில் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் இரை எடுக்காமல் முட்டைகளுக்குச் துடுப்பால் தண்ணீர் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிக்கும் வரை நகராது. மேற்குப் பாறையின் இடுக்கில் அப்படி ஒன்று இருந்தது. "அக்கா, அது என்னையே பாக்குது. பயப்படுது, ஆனா போக மாட்டேங்குது," என்பான். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலை, கடல் நிறைந்திருந்தபோது இறங்கினான். சந்தோஷமாக ஏறி வந்தான். "இன்னைக்குத்தான் படம் முழுசா கெடச்சுது. பாசி குறுக்க குறுக்க வந்து விழுந்துச்சு. வெட்டிட்டேன்."

பாறையின் நெற்றியில் வளர்ந்து இடுக்கின் மேல் தொங்கிய நீளப் பழுப்புப் பாசியைத்தான் சொன்னான். படம் எடுக்கிறவர்கள் முன்னால் மறைப்பதைக் கொஞ்சம் ஒதுக்குவது வழக்கம். நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

தோர்மோத்துக்குக் கடல் ஏறி இறங்கும் நேரமெல்லாம் மனப்பாடம், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அட்டவணையில் அந்த வரியை அவன் பார்ப்பதே இல்லை. எங்கள் ஊரில் யாருமே பார்ப்பதில்லை. ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள், அன்று எந்த வேலையும் கூடாது; கடலில் யாருக்கு என்ன வேலை?

மறுநாள் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகச் சபைக்கு நடந்துகொண்டிருந்தோம். மேட்டில் ஏறியதும் அவன் நின்றுவிட்டான். வருஷத்தில் ஓரிரு முறைதான் கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கும். மேற்குப் பாறை அடி வரை வெளியே தெரிந்தது. அதன் மேல் வெள்ளையாகக் கடற்காகங்கள்.

"பாசி இருந்திருந்தா மேல படுத்து மூடியிருக்கும்," என்றான். "அக்கா, நான் அதோட கூரையப் பிச்சுட்டேன்."

பின்னால் வந்த சபை மூப்பர் ஆங்கஸ், "என்ன நிக்கிறே? நேரமாச்சு," என்றார்.

"இன்னைக்கு நீங்க தொடங்குங்க ஆங்கஸ். நான் கரைக்குப் போறேன்."

"கரைக்கா? இன்னைக்கா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "இருபது வருஷமா நீ நிக்கிற இடம்டா அது. ஒரு மீனுக்காக இன்னைக்குப் போனா, அடுத்த வாரம் அங்க நிக்க விடுவாங்கன்னு நெனைக்கிறியா?"

"தெரியல," என்று சொல்லிவிட்டு இறங்கினான். நானும் வேதத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கடற்காகங்களைக் கையை வீசி விரட்டினான். மீன் இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கொத்திய காயம், வாய் மட்டும் திறந்து மூடியது. பிடியை விடவில்லை. முட்டைகளில் ஒரு பாதி வெயிலிலும் காற்றிலும் வெளுத்துப் போயிருந்தது. தோர்மோத் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஈரப் பாசியை வாரி வாரி இடுக்கில் போர்த்தினான். தொப்பியில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். நான் என் சால்வையை நனைத்துக் கொடுத்தேன்.

மேலே சாலையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யூவன்கூட அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் காற்றில் சங்கீதம் வந்தது. ஆங்கஸ் ரொம்பத் தாழ எடுத்துவிட்டார்; பாதியில் குரல் உடைந்தது, சபை தடுமாறியது. தோர்மோத் குனிந்தபடியே இருந்தான். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் தனியாக இறங்கி வந்தார். அதற்குள் கடல் திரும்பிக்கொண்டிருந்தது. தோர்மோத் முழங்கால் தண்ணீரில் நின்று, பாசி மிதந்து போகாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

"கேமரா எங்க, தோர்மோத்?"

"வீட்டுல இருக்கு ஐயா."

போதகர் நெடுநேரம் அந்த மீனைப் பார்த்தார். "ஓய்வுநாள்லயும் மாட்டுல பால் கறக்கிறோம். நோயாளிக்குக் கஞ்சி கொண்டு போறோம். இதையும் இரக்கம்னுதான் நான் மூப்பர்கள்கிட்ட சொல்லுவேன். நீ பயப்படாதே."

"இன்னைக்குச் செஞ்சதுக்கு எனக்குப் பயமில்ல ஐயா. நேத்து செஞ்சது இருக்கே. நான் ஆசைப்பட்ட படத்துக்காக இதோட புள்ளைங்கள்ல பாதியக் கொன்னுட்டேன். இந்தக் கையோட எல்லாருக்கும் முன்னால நின்னு பாட்டெடுக்க என்னால ஆகாது. கொஞ்ச நாள் பின்னால உக்காந்துக்குறேன்."

"யாரும் உன்னை விலகச் சொல்லலியே."

"நான்தான் சொல்றேன்."

போதகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் அவர் காலணியைத் தொடும் வரை நின்றார்.

கடல் இடுக்கை மூடியதும் தோர்மோத் கையை எடுத்தான். பாசி மெல்ல விலகி மிதந்தது. தெளிந்த தண்ணீருக்குள் மீன் அப்படியே தெரிந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, பிறகு துடுப்பை விரித்து விசிறத் தொடங்கியது. உயிரோடிருக்கிற முட்டை, செத்த முட்டை என்று பார்க்கவில்லை. வெளுத்துப் போனவற்றுக்கும் சேர்த்தே விசிறியது.

தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். போதகர்தான் கையைப் பிடித்து மேலே ஏற்றினார்.