வலி இல்லீங்க

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று நாள் முழுக்கத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று தைத்தவர் சொன்னதை நம்பி ஒரு பீஸைக்கூட நான் விட்டதில்லை. என் வாய்க்குப் பயப்படாத டெய்லர் எங்கள் லைனில் கிடையாது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் மட்டும் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். அவரும் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அருள்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக். மாதம் ஒரு தடவை போவோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், உள்ளே இரண்டு நிமிஷம். டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே கேட்பார்.

"வலி ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஆமாங்க."

"பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்காருங்க" என்று கடைசியில் நானும் சேர்த்துக்கொள்வேன். டாக்டருக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. பழைய மாத்திரையையே எழுதித் தருவார்.

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் அவர் பத்தடி நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதை டாக்டரிடம் சொன்னதில்லை. அவர் வலியைத்தானே கேட்டார், செருப்பையா கேட்டார்? அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எங்களுக்கோ, வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது பெரிய படிப்புப் படித்தவரின் நேரத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு மரியாதை. மண்ணாங்கட்டி மரியாதை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் மெஷினில் ஊசி உடைந்தது. குழந்தைகள் போடும் துணி என்பதால், உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கிறவரை மெஷினை ஓட்டக் கூடாது. இரண்டு துண்டு கிடைத்தது. நுனி மட்டும் கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் காந்தம் வைத்துத் தரையெல்லாம் துழாவினார். தைத்த பீஸ் அத்தனையையும் மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். நானும் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். துணியில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேறு ஊசி மாட்டி ஓட்டினார்கள். அவர் எப்போதும் வெறுங்காலோடுதான் பெடலை மிதிப்பார். அந்தக் காலை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. செக்கிங்காரி நானும் பார்க்கவில்லை.

ஐந்தாறு நாள் கழித்துப் பாயில் பழுப்பாய் ஒரு கறை தெரிந்தது. அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கறுத்துப்போய், நாற்றம் அடித்தது.

"ஏனுங்க, இது வலிக்கலீங்களா?"

"இல்லியே" என்றார், நல்ல சேதி சொல்கிற மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. புண்ணைப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்த இன்னொரு காலைப் பிடித்தார். கையில் ஒரு நைலான் இழை. "கண்ணை மூடிக்கங்க ஐயா. நான் தொடறப்ப தெரியுதான்னு சொல்லுங்க" என்றார்.

பாதத்தில் இழையை வைத்தார். "தெரியுதுங்க" என்றார் இவர். வேறு இடத்தில் வைத்தார். "தெரியுதுங்க." அப்புறம் டாக்டரம்மா இழையைத் தன் மடியில் வைத்துவிட்டு, "இப்ப?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நல்லாத் தெரியுதுங்க."

இவர் முகத்தில் சிரிப்பு. யாரும் அவரைத் தொடவில்லை. டாக்டரம்மாவின் மனசு நோகக் கூடாதே என்று இவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா இப்படிம்மா?"

அப்போதுதான் செருப்பு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வருஷமாக என்றேன். "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றார். "யாரும் கேக்கலீங்க" என்றேன். அது உண்மைதான். நானும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

எக்ஸ்ரேயில் ஊசி நுனி வெள்ளையாகத் தெரிந்தது. விஷம் அதற்குள் மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கேண்டீனில் நாலு இட்லி தின்றேன், உப்பு உறைப்புத் தெரியவில்லை. அவருக்குக் கால் மரத்த மாதிரி எனக்கு உள்ளே மரத்துப்போனது. கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்தார். "வலி இருக்குதுங்களா ஐயா?"

இவர் என்னைப் பார்த்தார். என் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "பரவால்லீங்க, நல்லாத்தான்..."

"நீங்க இருங்கம்மா, அவர் சொல்லட்டும்" என்று டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இவர் பேசுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"இருக்குதுங்க" என்றார் இவர், ஏதோ தப்புச் செய்த மாதிரி.

"எங்கங்க ஐயா?"

போர்வை தட்டையாய்க் கிடந்த இடத்தைக் காட்டினார். "பெருவிரல்லங்க. ஊசி குத்தற மாதிரி இருக்குதுங்க."

ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு டாக்டரிடம் வலி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இல்லாத விரல் எப்படி வலிக்கும் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. "எப்ப இருந்துங்க ஐயா?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்.